கர்ணத்தின் கணக்கும் கணினியின் கணக்கும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி பேருந்து நிலையத்தில் நிற்க இடமிருக்காது. அப்படி ஒரு நாளில், அருவிக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே, பாலித்தீன் பையில் சுற்றிய காகிதங்களோடு ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். மாமனார் காலத்து நிலம், அறுபது சென்ட். அரசு கொடுத்த ஒப்படை ஆணை கையில் இருக்கிறது. சிட்டா எடுத்தால் வேறு ஒருவர் பெயர் வருகிறது. விசாரிக்கப் போன இடத்தில், "கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "எங்க மாமனார்கிட்ட, கர்ணம் அப்படித்தான் எழுதிருக்காருன்னு சொன்னாங்களாம்" என்றார் அந்த அம்மா.

லஞ்சத்தைத் தொழில்நுட்பம் ஒழித்துவிடும் என்று கல்லூரிக் கருத்தரங்குகளில் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்னது நினைவுக்கு வரும். அந்தக் கர்ணத்திலிருந்தே தொடங்குவோம்.

சென்னை மாகாணக் கிராமத்தில் நிலக்கணக்கு கர்ணத்தின் கையில், வரிவசூல் முன்சீப்பின் கையில். இரண்டும் பரம்பரைப் பதவிகள். 1895ஆம் ஆண்டின் சட்டம் அந்த வாரிசு உரிமையைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. பதவிகள் பெரும்பாலும் நிலமுள்ள சாதிக் குடும்பங்களில் தங்கின. எந்த வயல் யாருடையது என்று எழுதுகிறவரே ஊரின் நிலவுடைமையாளர் என்றால், அதை லஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? காசு கொடுத்துக் கணக்கை மாற்ற வேண்டிய தேவை அவருடைய உறவுக்காரர்களுக்கு இல்லை. காசு கொடுத்தாலும் சேரிக்காரர்களுக்குக் காரியம் நடக்கும் என்று உறுதியில்லை. நமக்கும் ஒரு பரம்பரைப் பதவி இருந்தது, வெட்டியான். அழைத்தபோது ஓட வேண்டும், கணக்கைத் தொடக்கூடாது.

மகாராஷ்டிரத்தில் மகர்களைக் கட்டிப்போட்டிருந்த வதன் முறையும் இதே மாதிரிதான். அதைத் திருத்த அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கிராம நிர்வாகச் சீர்திருத்தத்தைச் சாதி ஒழிப்போடு சேர்த்துப் பார்த்தவர் அவர். அதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

பரம்பரை அடிப்படையில் கிராம அலுவலர் நியமனம் அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கு ஆந்திராவிலிருந்து போனது, செல்லாது என்றானது அதே 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு. அதன் பிறகும் இங்கே பழைய குடும்பங்களின் பிடி உடனே தளரவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே அடியில் ஒழித்தது. நீக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி பற்றி நமக்கு எத்தனையோ விமர்சனங்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் ஊழலுக்கு எதிராக நடந்த நிர்வாகச் சீர்திருத்தங்களில் பெரியது இதுதான் என்று நாம் நினைக்கிறோம். அதில் கணினி எதுவும் இல்லை. கணக்கு எழுதும் கை மாறியது, அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலர் பதவி தேர்வாணையத் தேர்வுக்கு வந்தது, இடஒதுக்கீடும் வந்தது. வெட்டியான் வேலை பார்த்தவரின் பேத்தி இன்று வி.ஏ.ஓ. நாற்காலியில் உட்கார முடிகிறது.

லஞ்சம் போய்விட்டதா என்றால், இல்லை. ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபடுகிறவர்களின் செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. அதைவிட நம்மைப் பாதித்தது இன்னொன்று. கர்ணங்கள் போய்க்கொண்டிருந்த அதே 1980களில் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய கணக்கிலிருந்து புதிய பட்டாவுக்குப் பெயர்கள் மாறிய காலம் அது. யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறது என்று விசாரித்தபோது, ஊருக்குள் யாருடைய சொல் எடுபட்டிருக்கும்? பின்னால் கணினியில் ஏற்றப்பட்டது இந்தப் பதிவுதான். ஏட்டில் இருந்த பிழையைக் கணினி அப்படியே பத்திரமாகக் காப்பாற்றித் தருகிறது.

பஞ்சமி நிலத்தில் இந்தப் பிழையின் விலை அதிகம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் வேறு வகுப்பாருக்கு விற்கக்கூடாது. அந்த நிபந்தனை ஏட்டின் குறிப்புக் கலத்தில் ஒரு சிறு வரி. நகலெடுக்கும்போது அந்த வரி விடுபட்டால் நிலம் சாதாரணப் பட்டா நிலமாகிவிடும். இப்போது உட்பிரிவு தேவைப்படாத நிலத்துக்குப் பத்திரம் பதிந்ததும் பட்டா தானாகவே மாறுகிறது. அலையவேண்டாம், யார் கையையும் பிடிக்க வேண்டாம். நல்ல ஏற்பாடு, நாங்களும் வரவேற்கிறோம். ஆனால் வரி விடுபட்ட நிலமும் அதே வேகத்தில் கைமாறும். குற்றாலத்தைச் சுற்றித் தோட்ட வீடும் விடுதியும் கட்ட இடம் தேடுகிறவர்கள் அதிகமான பிறகு இது வெறும் சந்தேகமில்லை.

தென்காசி மாவட்டத்தில் வேலை செய்கிற மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்தது. சென்னை மாகாண அரசாணை அங்கே செல்லாது. சிவகிரி போன்ற ஜமீன் ஊர்களிலோ நிலக்கணக்கு 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் நேரடிக் கைக்கு வந்தது. எல்லா ஊரிலும் ஒரே கேள்வியோடு போனால் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இல்லை."

கர்நாடகம் 2000ஆம் ஆண்டையொட்டிப் பூமி திட்டத்தில் நிலக்கணக்குகளைக் கணினியாக்கியது. உலகமே பாராட்டியது. கணக்கரின் பிடி தளர்ந்தது உண்மை. கூடவே, பெங்களூரைச் சுற்றி நிலம் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கே அது அதிகம் உதவியது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தகவலைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தானே அது ஆயுதம்.

நாங்கள் படிக்கக் கற்றுக்கொண்டது தகவல் உரிமை மனுக்களால். தமிழ்நாடு 1997லேயே, நாட்டில் முதலாவதாக, தகவல் உரிமைச் சட்டம் போட்டது. விதிவிலக்குகள் ஏராளமாக இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்தான் கைகொடுத்தது. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி ரசீது வாங்கும் இன்றைய தலைமுறைக்கு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய மனுவின் பலம் புரிவதில்லை. இணையத்தில் வருகிற அ-பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை, பழைய சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, குறிப்புக் கலத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்காக அப்படித்தான் கேட்டோம். முதல் பதில், ஏடு நெல்லையில் இருக்கிறது என்று வந்தது. நெல்லையில், மாவட்டம் பிரிந்தபோதே அனுப்பிவிட்டோம் என்றார்கள். முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு ஏழாவது மாதம் நகல் வந்தது. மடிப்பில் கிழிந்த பக்கம். ஆனாலும் மாமனாரின் பெயர் இருந்தது, குறிப்புக் கலத்தில் நிபந்தனையும் இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரி எது என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். பட்டாவைத் திருத்தக் கேட்ட மனு கோட்டாட்சியர் முன் விசாரணையில் இருக்கிறது. எதிர்த்தரப்பு இரண்டு முறை வாய்தா வாங்கிவிட்டது. அடுத்த வாய்தாவுக்கு நிலத்தை ஒட்டி இருக்கிற இரண்டு பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்துப் போகிறோம். ஒருவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.