அடிநாதத்தின் விலை

கடந்த வைகாசியில் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். மேடையில் இருவர் பாடிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னே ஒரு கீபோர்டும் ஒரு மடிக்கணினியும் மட்டுமே இருந்தன. ஆனால், ஒலிபெருக்கியிலிருந்து தபேலா, வயலின், டிரம்ஸ், பேஸ் கிதார் என முழு இசைக்குழுவே ஒலித்தது. என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் பந்தியில் எனக்கு அருகே அமர்ந்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிதார் வாசித்தவர். 'நீங்கள் ஏன் மேடையில் இல்லை?' என்று கேட்டேன். 'இப்ப டிராக் போட்டுடறாங்க சார். என் கிதார் பெட்டிக்குள்ளேயே இருக்கு' என்றார்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஓர் இசைக்கருவி மட்டுமன்று. ஓர் உழைப்பாளி தன் சேமிப்பைக் கொண்டு வாங்கிய மூலதனம். அது முடங்கிக் கிடப்பதன் காரணங்களை அறிய, முதலில் அந்தக் கருவியைப் பற்றி அறிய வேண்டும்.

பேஸ் கிதாரில் பொதுவாக நான்கு தந்திகள் உண்டு. மிகத் தடித்த தந்தியை மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் எழும். சாதாரண கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியைவிட இது சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ளது. இந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அதனால்தான் இதை முழுமையாக எழுப்பப் பெரிய ஒலிபெருக்கி தேவைப்படுகிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இந்த அடித்தள ஒலியை எழுப்பவே இயலாது. அதன் மேல்நிலைச் சுரங்களை மட்டும் கேட்டு, எஞ்சியதை நம் மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்டுப் பழகிய தலைமுறைக்கு பேஸ் கிதார் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போவதில் வியப்பில்லை.

இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. அதற்கு முன்பு தாழ்சுரத்தை ஏற்றிருந்தது ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வது பெரும்பாடு. கூட்டத்தின் இரைச்சலில் அதன் ஒலியும் எடுபடாது. 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் மின்சார பேஸ் ஒன்றை உருவாக்கினார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கழுத்துப் பலகையில் பதித்த உலோகக் கட்டைகளால் (ஃபிரெட்) சுரத்தானம் பிசகாமல் வாசிக்க முடிந்தது. பெயர்க் காரணமும் அதுவே. 1960-இல் அதே நிறுவனத்தின் 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்று உலகில் செய்யப்படும் பேஸ் கிதார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழித்தோன்றல்களே.

தமிழ்த் திரையிசையில் டபுள் பேஸ் ஒலித்த காலம் ஒன்றிருந்தது. பேஸ் கிதாருக்குத் தனிக் குரல் கொடுத்த பெருமை இளையராஜாவைச் சாரும். 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமாவதற்கு முன்பே அவர் கிதார் கலைஞராகப் பணியாற்றியவர். அவருடைய பாடல்களில் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணைபோவதோடு நிற்காது. பாடகரின் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டாகவே நடக்கும். அவற்றுள் பலவற்றை வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் அந்த இடத்தை நெடுங்காலம் நிரப்பியவர் கீத் பீட்டர்ஸ். பாடியவரின் பெயரும் எழுதியவரின் பெயரும் நம் நினைவில் நிற்கின்றன. இவ்விருவரின் பெயரையும் அறிந்தவர் சிலரே.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். பட்டுப் புடவையில் கண்ணைப் பறிப்பது ஜரிகை; புடவையைத் தாங்கி நிற்பது பாவு. பாவு நூல் தளர்ந்தால் எவ்வளவு ஜரிகை போட்டும் பயனில்லை. பேஸ் கிதார் இசையின் பாவு. இன்னொன்றும் சொல்லலாம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிரியாமல் இணைக்கும் முறைக்குக் 'கோர்வை' என்று பெயர். மிருதங்கக் கலைஞர்களும் தாளக் கணக்கைக் கூட்டி முடிக்கும் அமைப்பைக் 'கோர்வை' என்றே அழைக்கின்றனர். டிரம்ஸின் தாளத்தையும் பாடகரின் மெட்டையும் இணைத்துக் கட்டும் கோர்வைதான் பேஸ் கிதார்.

நாகசுரக் குழுவில் ஒத்து ஊதுபவரைப் பலரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால், அவர் நிறுத்தினால் வாசிப்பே வெறுமையாகிவிடும். பேஸ் கலைஞரின் நிலையும் அத்தகையதே.

இக்கருவியை வாங்க விரும்பும் இளைஞர் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும்? பிரிசிஷன் வகையில் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (காந்தச் சுருள்) உண்டு. ஒலி தடிமனாகவும் இரைச்சலின்றியும் இருக்கும். மெல்லிசை மேடைக்கு இது போதுமானது. ஜாஸ் வகையில் இரு பிக்கப்புகள் உண்டு, கழுத்து மெலிந்தது, ஒலியில் வேறுபாடுகளை அதிகம் காட்டலாம். ஆனால், ஒரு பிக்கப்பை மட்டும் பயன்படுத்தினால் 'ஹம்' என்ற இரைச்சல் எழும். வழக்கமான தந்தி நீளம் 34 அங்குலம். சிறிய கைகளுக்கு 30 அங்குலக் கருவி வசதியானது. ஐந்து தந்திக் கருவி இன்னும் கீழே, ஏறத்தாழ 31 அதிர்வுகள் வரை செல்லும். அண்மைக் காலத் திரைப்பாடல்களுக்கு அது உதவும். மின்கலத்தில் இயங்கும் 'ஆக்டிவ்' வகை ஒலியைச் செதுக்க இடம் தரும்; பாதிக் கச்சேரியில் மின்கலம் தீர்ந்தால் கருவி ஊமையாகிவிடும். கமகத்தை விரும்புபவர்களுக்கு உலோகக் கட்டைகள் இல்லாத 'ஃபிரெட்லெஸ்' வகை ஏற்றது. ஆனால், அதில் சுரத்தானத்துக்குக் காதே பொறுப்பு.

விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். பழைய கருவியே போதும் என்பேன். வாங்கும்போது கழுத்து வளைந்திருக்கிறதா, உள்ளிருக்கும் திருத்துகம்பி திரும்புகிறதா, உலோகக் கட்டைகள் தேய்ந்துள்ளனவா, குமிழைத் திருகினால் கரகரப்பு வருகிறதா என்று பார்த்தாலே பாதி ஏமாற்றம் தவிர்க்கப்படும். சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் விட்டுவைத்தாலும், ஐப்பசி ஈரத்தில் திறந்து போட்டாலும் மரம் வளையும்.

மேடையில் வேறு கவலைகள் உண்டு. திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் இணைப்பில் 'எர்த்' சரியாக இல்லாவிட்டால், தந்தியைத் தொட்டபடி ஒலிவாங்கியை உதடு தீண்டும்போது மின்னதிர்ச்சி ஏற்படலாம். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பந்தல் அலங்காரத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்ட வேண்டும். ஒலி மாசு விதிகளின்படி (2000) இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. தாழ்ந்த ஒலி சுவர்களைக் கடந்து செல்வது. அளவோடு வைப்பதே கலைஞருக்கும் தெருவுக்கும் நல்லது.

இனிப் பொருளியலுக்கு வருவோம். காஞ்சிபுரத்து நெசவாளரும் மெல்லிசைக் கலைஞரும் ஒரே நாட்காட்டியை நம்பி வாழ்கின்றனர். முகூர்த்த மாதங்களில் இருவருக்கும் வேலை; புரட்டாசி, மார்கழியில் இருவருக்கும் மந்தம். ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள் கலைஞருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஆண்டின் பெரும்பகுதி சும்மா இருக்கும் மூலதனத்தின் செலவைச் சில நாள்களின் வருவாயைக் கொண்டே ஈடுகட்ட வேண்டும்.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகள் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டனர். நால்வர் வாசிக்க எழுதப்பட்ட இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர் தேவை. இன்றும் நால்வர் தேவை. ஆலையில் ஒரு தொழிலாளியின் உற்பத்தித் திறன் பலமடங்கு பெருகி, ஊதியமும் உயர்கிறது. கலைஞருக்கும் அதற்கேற்ற ஊதியம் தரவேண்டுமானால், நேரடி இசையின் விலை பிற பொருள்களைவிட வேகமாக உயர்ந்துகொண்டே போகும். இதைப் 'பாமோலின் செலவு நோய்' என்பர்.

கைத்தறிக்கும் இதே நோய்தான். கோர்வைப் புடவை நெய்யத் தறியில் அமர்பவருக்கு அருகே உதவியாளர் ஒருவரும் தேவை. அதை அவசரப்படுத்த முடியாது. ஆனால், கைத்தறிக்குச் சில தடுப்பரண்களை நாம் எழுப்பியுள்ளோம். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கூட்டுறவுச் சங்கங்கள், 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஆகியவை இருக்கின்றன. அவை முழுமையாகப் பலனளித்தன என்று கூறமாட்டேன். ஆனால், கைத்தறி காக்கப்பட வேண்டும் என்ற எண்ணமாவது சமூகத்தில் வேரூன்றியிருக்கிறது. மேடை இசைக் கலைஞரைப் பற்றி அத்தகைய எண்ணமே நம்மிடம் இல்லை.

பதிவு செய்த இசையைத் தடை செய்ய வேண்டும் என்பது என் வாதமன்று. சிறு வருவாய்க் குடும்பம் இரண்டு பாடகர்களோடும் ஒரு மடிக்கணினியோடும் விழாவை முடித்துக்கொள்வதில் குற்றம் காண முடியாது. 'கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையே' என்ற வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், பாடகர் ஒரு வரியைத் திரும்பப் பாட நினைத்தால் டிராக் காத்திருக்காது. நேயர் விருப்பமாக ஒரு பழைய பாட்டைக் கேட்டால், கணினியில் இருந்தால்தான் உண்டு. நேரடி இசையில் இருப்பது உரையாடல். டிராக்கில் இருப்பது கட்டளை. மேலும், இன்றைய டிராக்கில் ஒலிப்பதெல்லாம் என்றோ மேடைகளில் பழகிய கைகளின் வாசிப்பே. அந்தப் பயிற்சிக்களம் வற்றினால் நாளைய ஒலிப்பதிவுக்குக் கலைஞர் எங்கிருந்து வருவார்?

அரசு செய்யக்கூடியவை சில உண்டு. 2017-இல் சரக்கு-சேவை வரி அறிமுகமானபோது இசைக்கருவிகளுக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. கையால் செய்யப்படும் மரபு இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது சரியே. ஆனால், தொழில்முறைக் கலைஞருக்குக் கிதார் ஓர் ஆடம்பரப் பொருளன்று, தொழிற்கருவி. பதிவு வரம்புக்குக் கீழே சம்பாதிக்கும் அவரால், வணிகரைப்போல உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற இயலாது. முழுச் சுமையும் அவர் தலையில்தான். முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் தரலாம். தையல் இயந்திரத்துக்குத் தயங்காமல் கடன் தரும் வங்கி, இசைக்கருவியையும் உற்பத்தி மூலதனமாகக் கருத வேண்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. மாலை நேரச் சான்றிதழ் வகுப்பாகக் கிதாரையும் சேர்க்கலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது நம் கையில் உள்ளது. கோயில் விழாக் குழுவினரும் திருமண வீட்டாரும் இசைக்குழுவை அமர்த்தும்போது, 'மேடையில் எத்தனை பேர் வாசிப்பார்கள்?' என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மூன்றும் நேரடியாக வாசிக்கப்படும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். அதனால் கூடும் செலவு, ஒரு திருமணத்துக்கு எடுக்கும் பட்டுப் புடவைகளின் விலையில் சிறு பகுதியாகவே இருக்கும்.

காஞ்சிபுரம் கடைத்தெருவில் ஒரு குடும்பம் புடவை எடுப்பதைக் கவனித்தால் தெரியும். முந்தானையைத் திருப்பிப் பார்ப்பார்கள், கரையைத் தடவிப் பார்ப்பார்கள், 'இது கைத்தறிதானே?' என்று இரண்டு முறையாவது கேட்பார்கள். அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு மணப்பெண் மேடை ஏறும்போது ஒலிக்கும் இசையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டால், என் மாணவரின் பெட்டி மறுபடியும் திறக்கும்.