வறுமைக் கோடு யாருடைய கோடு?

மெடிக்கெய்ட் மருத்துவ உதவிக்கோ உணவு உதவிக்கோ விண்ணப்பித்தவர்கள் "வறுமைக் கோடு" என்ற சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

அதை வரைந்தவர் மொலி ஒர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி. உக்ரைனிலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் 1915 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். சிறுவயதில் தாயாருடன் நிவாரண உணவுக்கு வரிசையில் நின்றவர். பின்னர் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றியபோது, எளிய கணக்கொன்றைப் போட்டார். 1955 இல் நடந்த ஓர் ஆய்வின்படி, குடும்பங்கள் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. எனவே விவசாயத் திணைக்களத்தின் மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினார். 1963 இல் நால்வர் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ 3,100 டொலர்.

1964 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கு எதிராகப் போர் பிரகடனம் செய்தார். போருக்கு அளவுகோல் வேண்டுமல்லவா? ஒர்ஷான்ஸ்கியின் கணக்கு கைகொடுத்தது. 1969 இல் அதுவே நாட்டின் அதிகாரபூர்வ அளவானது. அன்றுமுதல் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுகிறதே தவிர, அடிப்படை மாறவில்லை.

ஆனால் வாழ்க்கை மாறிவிட்டது. இன்று சராசரிக் குடும்பம் உணவுக்குச் செலவிடுவது எட்டிலொரு பங்களவே. வாடகையும் மருத்துவமும் பிள்ளை பராமரிப்பும் மீதியை விழுங்குகின்றன. 2025 ஆம் ஆண்டுக்கான கோடு நால்வர் குடும்பத்துக்கு 32,150 டொலர். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக எங்கும் இதே தொகைதான். ஹூஸ்டன் வாடகைக்கும் சான் ஹோசே வாடகைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது.

இக்குறையை நீக்க 1995 இல் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் நிபுணர் குழு புதிய முறையைப் பரிந்துரைத்தது. அதைத் தழுவிய துணை அளவீடு 2011 முதல் வெளியாகிறது. வாடகை, வரி, மருத்துவச் செலவு, அரச உதவி எல்லாம் அதில் சேரும். அப்படி அளந்தால் கலிபோர்னியாவின் வறுமை வீதம் வெகுவாக உயர்கிறது. எனினும் உதவித் திட்டங்கள் பலவும் பழைய கோட்டையே பார்க்கின்றன.

கோடு ஒன்றானாலும் பயன் ஒன்றல்ல. நியூ ஜேர்சியும் கலிபோர்னியாவும் 2014 இல் மெடிக்கெய்ட்டை விரிவாக்கி, கோட்டின் 138 சதவீதம் வரை வருமானமுள்ள வளர்ந்தோரையும் சேர்த்தன. டெக்சாஸ் அவ்வாறு செய்யவில்லை. அங்கே பிள்ளைகளோ உடற்குறைபாடோ இல்லாத நடுவயதினர் எவ்வளவு ஏழையானாலும் பொதுவாக அந்த உதவி கிடைக்காது.

தாயகத்தையும் நினைத்துப் பாருங்கள். இலங்கையின் முன்னைய அதிகாரபூர்வ வறுமைக் கோடு 2002 ஆம் ஆண்டு ஆய்வை வைத்து வரையப்பட்டது: ஆளுக்கு மாதம் 1,423 ரூபாய். அந்த ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2012/13 ஆய்வில்தான் 25 மாவட்டங்களும் இடம்பெற்றன. நாட்டின் வறுமை வீதம் 6.7 ஆக இருக்க, முல்லைத்தீவில் அது 28.8! எண்ணாத காலத்தில் அந்த ஏழ்மை எந்த அட்டவணையிலும் இல்லை. அட்டவணையில் இல்லாததற்கு யார் நிதி ஒதுக்குவார்?

எனவே நேயர்களே, குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் படிவம் வீடு தேடி வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். வீட்டிலுள்ள அனைவரையும், அண்மையில் வந்து சேர்ந்த உறவினரையும் சேர்த்தே நிரப்புங்கள். எண்ணப்படாமல் விடுபட்டால் என்னவாகும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?