கணிப்பொறித் தமிழ்: உறுப்புகளும் இணைப்பும்

கணிப்பொறியில் தமிழ் எழுதுவது இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிய செயலாகிவிட்டது. அதனால் அதனை ஒரே வேலை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது நான்கு வேலைகளின் கூட்டு ஆகும். எழுத்தின் வடிவைத் தருவது எழுத்துரு. விரலின் தட்டலை எழுத்தாக்குவது விசைப்பலகை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வகுத்து நினைவகத்தில் இருத்துவது குறியேற்றம். அவ்வெண்களைப் படித்து, கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும்படி திரையில் அடுக்கிக் காட்டும் செயலி நான்காவது. இவை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் செய்யப்பட்டவை. எதனோடு எது எப்போது சேர வேண்டும் என்னும் திட்டம் பிந்தி வந்தமையே இவ்வரலாற்றின் சிக்கல்.

1980களில் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியைத் தொடங்கினார். பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' எனப் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும், சுவிட்சர்லாந்தில் 'மயிலை' எழுத்துருவை அமைத்த கு. கல்யாணசுந்தரமும், தமிழ்நாட்டில் பலரும் இவ்வாறே முயன்றனர். அக்காலக் கணிப்பொறி ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களையே தந்தது. அவற்றுள் முற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகளை எவ்வாறு அடக்குவது? உயிர்க்குறிகளைத் தனியே பிரித்து வைத்தனர். எந்த இடத்தில் எதனை வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தனர்.

இதன் விளைவை அக்கால ஆசிரியர்கள் நன்கறிவர். கோலா குபு பாருவில் ஓர் எழுத்துருவில் தட்டிய வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் திறக்கும். உறுப்புகள் தனித்தனியே செம்மையாகவே இருந்தன. பொருந்தும் வாய்தான் இல்லை. நிலைமொழியும் வருமொழியும் குற்றமற்றவையாக இருந்தும் புணர்ச்சி விதி வகுக்கப்படாத நிலை எனலாம்.

அதற்காக முன்னோடிகளைக் குறை கூறுவது முறையன்று. பொது விதிக்காக அவர்கள் காத்திருந்தால், அவ்விதியில் எவை அடங்க வேண்டும் என்பதே ஒருவருக்கும் தெரிந்திராது. செய்து, பயன்படுத்தி, குறை கண்டு, மீண்டும் செய்த சுற்றுகளே விதிக்கு வேண்டிய அறிவைத் தந்தன. குறை வேறிடத்தில் உள்ளது. சுற்றுகள் பல நடந்த பின்னரே செய்தவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள்.

1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னையில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களும் பரிந்துரைக்கப்பட்டன. அதே காலத்தில் மின்னஞ்சல் வழியாகவே உலகத் தமிழர் பலர் வாதிட்டு 'திஸ்கி' என்னும் மற்றொரு குறியேற்றத்தைப் பதிப்புப் பதிப்பாகத் திருத்தி வந்தனர். ஒன்றுக்கு ஆசைப்பட்ட இடத்தில் மூன்று கிடைத்தன! ஆயினும் முப்பதுக்கு மூன்று மேல் அன்றோ?

தமிழ்99இல் ஒரு நுட்பம் உண்டு. 'கெ' எழுத, முதலில் ககரத்தையும் பின்னர் எகரத்தையும் தட்டுகிறோம். இஃது ஒலியின் வரிசை. திஸ்கி போன்றவையோ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் சேமித்தன. இரண்டிற்கும் இடையில் நின்று முன்பின்னாக மாற்றித் தர ஒரு நிரல் வேண்டியிருந்தது. இணைப்பின் சுமை முழுவதும் அந்தச் சிறு நிரலின் தலையில் விழுந்தது.

இதில் வியப்பு யாதெனின், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. அது ஒலி வரிசையிலேயே சேமிப்பது. ஆனால் சேமித்ததைத் தமிழாக அடுக்கிக் காட்டும் நான்காம் உறுப்பு பரவலான கணிப்பொறிகளில் இல்லை. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வெளிவந்தபோதுதான் அந்த உறுப்பு பலர் கைக்கு எட்டியது. இடைப்பட்ட காலத்திற்குத் திஸ்கி பாலமாயிற்று. 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பு இப்பணிகளை ஒருங்கிணைக்க முற்பட்டது. அதன் 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. செல்லினம் 2005இல் கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டு சென்றது.

பழையதிலிருந்து புதியதற்கு மாறும் வேலைக்கு எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது. 1883இல் அணை உடைந்து, அதன் பின்னரும் ஆற்று மணலாலும் வெள்ளத்தாலும் வருந்திய பழைய கோலா குபுவை ஒரே இரவில் பெயர்க்கவில்லை. 1920களில் சார்ல்ஸ் ரீட் மேட்டில் புத்தூரை வகுத்தார்; தெருவும் திடலும் அமைந்த பின் மக்கள் குடிபெயர்ந்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அவ்வாறே நடந்துகொண்டது. இலக்கியங்களை முதலில் கிடைத்த எழுத்துருவில் வெளியிட்டது. பின்னர்த் திஸ்கிக்கும், அதன்பின் யூனிகோடுக்கும் நூல் நூலாக மாற்றியது. நூல்கள் இழக்கப்படாமைக்குக் காரணம், எந்நூல் எக்குறியேற்றத்தில் உள்ளது என்பதை அவர்கள் குறித்து வைத்ததே.

2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடையும் டேஸ்16 என்பதையும் ஏற்றது. ஆயினும் தமிழாசிரியர் கண்ணை உறுத்தும் ஒன்று யூனிகோடில் உள்ளது. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. வட எழுத்துகளின் வரிசைக்கு ஏற்ப வகுக்கப்பட்டதால் நேர்ந்தது இது. எண் வரிசையை நம்பி அகராதி அடுக்கினால் நம் நெடுங்கணக்கு சிதறும். ஒதுக்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. ஆகவே வரிசைக்கெனத் தனி அட்டவணை ஒன்றைச் செயலியில் சேர்க்க வேண்டியுள்ளது.

பள்ளிகளின் அலமாரிகளில் 1990களின் வட்டுகள் இன்னும் கிடக்கலாம். ஆண்டு மலர்களும் பயிற்சித் தாள்களும் அவற்றுள் இருக்கக்கூடும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் அவற்றை மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன. வட்டின் மேலட்டையில் அப்பெயரை எழுதி வைத்த ஆசிரியர் எவரோ, அவருடைய பக்கங்களே முதலில் மீளும்.