வாயுவிடம் வாங்கிய கணக்கு

சாலைப் போக்குவரத்தின் கணிதத்தில் பாதி இரவல் சரக்கு. இதைச் சொன்னால் எங்கள் துறையில் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் 1955இல் ஜேம்ஸ் லைட்ஹில்லும் ஜெரால்ட் விதாமும் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய இரட்டைக் கட்டுரையைப் பாருங்கள். முதற்பகுதி ஆற்று வெள்ளம். இரண்டாவதுதான் நெரிசல் சாலை. நுழைந்த வண்டி வெளியேறாவிட்டால் உள்ளேதான் நிற்கும். அடர்த்தி தெரிந்தால் ஓட்டமும் தெரியும். கோட்பாடு இவ்வளவுதான். மறு ஆண்டே ரிச்சர்ட்ஸ் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

எழுதிய சமன்பாட்டுக்கு விடை காண்பதுதான் பாடு. வரிசையின் வால் பகுதியில் அடர்த்தி சட்டென்று எகிறும். வழக்கமான வகைக்கெழுக் கணக்கு அங்கே தடுமாறும். வண்டிகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போய்விடும். மாஸ்கோவில் கோடுனோவ் வாயு இயக்கத்துக்கு இதே சிக்கலைத் தீர்த்து 1959இல் வெளியிட்டிருந்தார். சாலைக்காரர்களிடம் அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

1994இல் பெர்க்லியின் கார்லோஸ் டகான்சோ சாலையைக் கட்டங்களாக வெட்டினார். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வேகம் மணிக்கு 60 கி.மீ., கட்டம் 100 மீட்டர், 6 நொடிக்கு ஒரு கணக்கு. அந்த நேரத்தில் வண்டி ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டாது. அப்படித் தாண்டக் கூடாது என்பது கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் வைத்த நிபந்தனை. ஒரு கட்டத்தில் 15 கார் கொள்ளும் என்று வையுங்கள். பின்கட்டத்தில் 3 கார் புறப்படத் தயார்; சாலையின் திறனும் 6 நொடிக்கு 3. ஆனால் முன்கட்டத்தில் ஏற்கெனவே 12 கார். மிச்ச இடம் 3. நெரிசல் பின்னோக்கிப் பரவும் வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால், அந்த இடத்தில் மூன்றிலொரு பங்குதான் இப்போது திறக்கும். 3, 3, 1 இவற்றில் சிறியது 1. ஒரு கார் போகும், இரண்டு நிற்கும். வரிசையின் வால் பின்னுக்கு நீளுவதைப் பென்சிலிலேயே பார்த்துவிடலாம். இந்த விதி கோடுனோவின் முறையேதான் என்று 1996இல் பிரான்சின் லெபாக் காட்டினார்.

முறை ஒட்டியது, ஆனால் வாயுவின் இயற்பியலையும் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1971இல் பெய்ன் தொடங்கிவைத்த வகை மாதிரிகளில் வேகத்துக்கும் தனிச் சமன்பாடு உண்டு, வாயு அழுத்தம் போன்ற ஓர் உறுப்போடு. வாயு மூலக்கூறைப் பின்னாலிருப்பது தள்ளும். காரோட்டி முன்னால் பார்த்துத்தான் ஓட்டுகிறார். 1995இல் டகான்சோ இதைக் குடைந்தார்: நிற்கும் வரிசையின் வாலில் இந்த மாதிரிகள் கார்களைப் பின்னோக்கி ஓட்டின! கட்டுரைத் தலைப்பிலேயே அவற்றுக்கு இரங்கல் பாடிவிட்டார். அவருடைய எழுத்தில் எனக்கு மிகப் பிடித்த குறும்பு அது.

2000இல் ஆவ், ராஸ்கிள் இருவரும் அழுத்த உறுப்பை மாற்றி எழுதினார்கள். எந்தச் செய்தியும் வண்டியைவிட வேகமாக முன்னே போகாது என்றாயிற்று. கார்கள் பின்னோக்கி ஓடுவதும் நின்றது.