காளானை அடியோடு படம் பிடித்தவர்

1897-ம் வருடம், நவம்பர் மாதம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் குளிர் வந்துவிட்டது. காட்டில் காளான் முளைக்கும் பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இத்தாலியத் தூதரகத்தைச் சேர்ந்த டி வெக்கி என்ற பிரபு, ஊரில் ஒரு சந்தைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காட்டுக் காளான் வாங்கினார். நகரத்திலிருந்து சுமார் ஏழு மைல் தள்ளி, வர்ஜீனியா பக்கம் பறித்து வந்த காளான் அது.

பிரபுவுக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. காளான் விஷயத்தில் நன்றாகத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு அதைச் சமைத்து, தன் நண்பரான ஒரு டாக்டருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். ருசி பிரமாதம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்த கால் மணி நேரத்துக்குள் பிரபுவுக்கு உடம்பு முடியாமல் போனது. வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. அவர் மீளவே இல்லை. டாக்டர் பிழைத்துக்கொண்டார்.

தெரிந்தவரே எப்படி ஏமாந்தார்? இத்தாலியில் ரோமானியர் காலத்திலிருந்தே விரும்பிச் சாப்பிடும் காளான் ஒன்று உண்டு. பெயர் சீசர் காளான். ஆரஞ்சு நிறக் குடை, வழவழப்பான மேல்பரப்பு. பிரபு சாப்பிட்டதோ 'ஃப்ளை அகாரிக்' என்ற நச்சுக் காளான். ஐரோப்பாவில் இது ரத்தச் சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். குழந்தைகள் கதைப் புத்தகங்களில் வரும் காளான் இதுதான். யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் கிழக்கு அமெரிக்காவில் இது பெரும்பாலும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோதான் முளைக்கும். அந்த வெள்ளைப் புள்ளிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் செதில்கள்தான், மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பருவக் கடைசியில் நாலு மழையில் நனைந்த காளானை மேலிருந்து பார்த்தால் அசல் சீசர் காளான் மாதிரியே இருக்கும்.

வித்தியாசம் இருப்பது மேலே அல்ல, அடியில். சீசர் காளானைத் திருப்பிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்கள் மஞ்சளாக இருக்கும், தண்டும் மஞ்சள். தண்டின் அடியில் வெள்ளைப் பை போல ஓர் உறை இருக்கும். ஃப்ளை அகாரிக்கில் செவுளும் தண்டும் வெள்ளை. அடிப்பகுதி கிழங்கு போலப் பருத்து, அதைச் சுற்றிச் செதில்கள் வளையம் வளையமாக இருக்கும். இதில் முக்கால்வாசி மண்ணுக்குள் மறைந்திருப்பதுதான் சிக்கல். தண்டைப் பிடித்து வெடுக்கென்று பறித்தால், உயிரைக் காப்பாற்றும் அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும்.

இந்த மரணத்துக்குப் பிறகு அமெரிக்க வேளாண்மைத் துறை 1898-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆனால் சாதாரண மக்களுக்கு எழுத்து மட்டும் போதாது, படம் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் பிரான்சிஸ் அட்கின்சன்.

1854-ல் மிச்சிகனில் பிறந்த அட்கின்சன், நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். அந்த ஊரைச் சுற்றியுள்ள காடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும், வட கரோலினாவின் மலைக்காடுகளிலும் காளான் தேடி அலைந்தார். 1900-ல் அவர் வெளியிட்ட அமெரிக்கக் காளான்கள் பற்றிய நூலில் அவரே எடுத்த புகைப்படங்கள் 200 இருந்தன. காளான் சமையல் குறிப்புகளுக்கும், காளான் நஞ்சுக்கும்கூடத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு!

அப்போது படம் எடுப்பது இன்று போல எளிதல்ல. கனமான கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள் எல்லாம் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மரநிழலில் வெளிச்சம் குறைவு என்பதால் லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். பறித்து வந்து அறையில் எடுக்கலாம் என்றாலோ காளான் காத்திருக்காது. சில மணி நேரத்தில் வாடும். படுக்க வைத்தால் தண்டு தானாக மேல்நோக்கி வளைந்துவிடும்.

அட்கின்சனின் படங்களில் கவனிக்க வேண்டியது அவற்றின் ஒழுங்கு. ஒரே இனத்தின் மொட்டு, பாதி விரிந்தது, முழுதாக விரிந்தது எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எடுத்திருப்பார். ஒன்று மேல்பக்கம் தெரிய, இன்னொன்று செவுள் தெரிய. தண்டின் அடி முழுசாக இருக்கும். அழகுக்காக எடுத்த படம் அல்ல, சாட்சிக்காக எடுத்த படம்.

ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. படங்கள் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்துத் தகடுகள் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைச் சரியாகப் பதிவு செய்யாது. செவுள் மஞ்சளா வெள்ளையா என்ற உயிர் போகும் கேள்விக்குப் படம் பதில் சொல்லாது. அதனால் படத்துக்குக் கீழேயே குடை என்ன நிறம், செதில் என்ன நிறம், செவுளும் தண்டும் என்ன நிறம் என்று எழுதி வைத்தார் அட்கின்சன். சில இனங்களுக்கு ஓவியர் வரைந்த வண்ணப் படங்களையும் சேர்த்தார். தன் கேமராவால் முடியாததை அவர் அறிந்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை.

வட அமெரிக்கக் காளான்கள் அனைத்தையும் பற்றி ஒரு பெருநூல் எழுதுவது அவர் கனவு. அதற்காகவே பல்கலைக்கழகம் அவரைப் பாடம் நடத்தும் பொறுப்பிலிருந்து விடுவித்தது. 1918-ல் காளான் சேகரிக்க அவர் மேற்குக் கடற்கரைப் பக்கம் போனார். அது உலகமெங்கும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிய வருடம். பருவம் முடியும் நவம்பர் மாதத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில், அதே காய்ச்சலுக்கு அவர் பலியானார். வயது 64. பெருநூல் முடியவே இல்லை. அவர் சேகரித்த காளான்களும் புகைப்படங்களும் கார்னெலின் உலர்தாவரச் சேகரிப்பில் பாதுகாக்கப்படுகின்றன.

இன்று எல்லோர் கையிலும் வண்ணக் கேமரா இருக்கிறது. அட்கின்சனுக்குக் கிடைக்காத நிறமெல்லாம் நமக்கு நொடியில் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் காளானை நின்றபடி மேலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இது சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். டி வெக்கி பிரபு பார்த்ததும் அந்த மேல்பக்கத்தை நம்பித்தான். கேமரா எவ்வளவு முன்னேறினாலும், குனிந்து மண்ணை விலக்கி அடியைப் பார்க்கும் வேலை மனிதனுடையதாகவே இருக்கிறது.