கானைக் காணோம்!

2002 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான் கோல்போஸ்ட் முன்னால் மதில்சுவர் மாதிரி நின்றார். இறுதிப் போட்டியில் பிரேசிலின் ரொனால்டோ இரண்டு கோல் போட்டு அவரைச் சாய்த்தது வேறு விஷயம். இருந்தாலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து கானுக்குத்தான். அதற்கு முன் எந்த கோல்கீப்பருக்கும் கிடைக்காத கௌரவம்!

2004 நவம்பர். 'ஃபுட்பால் மேனேஜர் 2005' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியாகிறது. ஆவலோடு பேயர்ன் மியூனிக் அணியைத் திறந்து பார்த்தால், கானைக் காணோம்! அவர் இடத்தில் யென்ஸ் முஸ்டர்மன் என்று யாரோ ஒரு ஆசாமி. யார் இவர்? யாருமே இல்லை! ஜெர்மனியில் மாதிரிப் படிவங்களில் பெயர் என்ற இடத்தில் ஒப்புக்கு ஒரு பெயர் போடுவார்களே, அதுதான் முஸ்டர்மன். நம் பாஷையில் 'இன்னார்'.

காரணம், ஒரு கோர்ட் தீர்ப்பு. தன்னைக் கேட்காமல் தன் பெயரையும் உருவத்தையும் விளையாட்டில் சேர்த்ததற்காக இன்னொரு கம்பெனி மேல் கான் வழக்குப் போட்டார். 2003-ல் ஹாம்பர்க் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்னைக் கேட்டால் நியாயமான தீர்ப்புதான். ஒருவருடைய பெயர் அவருடைய சொத்து இல்லையா?

ரசிகர்கள் விடுவார்களா? விளையாட்டோடு 'எடிட்டர்' என்று ஒரு சமாசாரம் கூடவே வரும். அதைத் திறந்து முஸ்டர்மனை அழித்துவிட்டு 'கான்' என்று டைப் அடித்தால் ஆயிற்று. ஜெர்மனியின் தேசிய அணியில்கூட உரிமைப் பிரச்னையால் போலிப் பெயர்கள்தான் இருந்தன. கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஃபைலை டெலீட் செய்தால் போலிகள் எல்லாம் மாயம், நிஜ வீரர்கள் ஆஜர்!

ஒரு பெயருக்கா இத்தனை பாடு? இந்த விளையாட்டில் நாம் பந்தை உதைப்பதே கிடையாது. நாம்தான் மேனேஜர். ஆளை வாங்கலாம், விற்கலாம், யார் களமிறங்குவது என்று முடிவு செய்யலாம். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவது பெயர்களும் எண்களும்தான். ஆக, பெயர் பொய்யானால் எல்லாமே பொய்!

இங்கிலாந்தின் பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் எண்பதுகளில் வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது இது. 1992-ல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் வந்தபோது வீரர்களின் பெயர்கள் எல்லாம் கற்பனை. அடுத்த வருஷமே நிஜப் பெயர்களைப் போட்டார்கள். பிடித்தது ஜுரம்! 2003-ல் சகோதரர்களின் கம்பெனியும் வெளியீட்டாளரான ஐடோஸும் பிரிந்தபோது, 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயர் ஐடோஸுக்குப் போனது. சகோதரர்கள் டேட்டாபேஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜெயித்தது டேட்டாபேஸ்தான்.

அதில் ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பாஸ், தைரியம் என்று ஒன்றிலிருந்து இருபதுக்குள் மார்க். எதிர்காலத்தில் எவ்வளவு உயரம் போவார் என்பதற்கு இருநூறுக்குத் தனி மார்க். போடுவது யார்? பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கால்பந்துப் பைத்தியங்கள். மழையில் நனைந்தபடி உள்ளூர் மேட்சைப் பார்த்துவிட்டு வந்து எண்களை நிரப்புவார்கள்.

சில சமயம் கை தாராளமாகிவிடும். டெர்பி கவுன்டி கிளப்பின் இளம் வீரர் டோன்டோன் ஜோலா மொகோகோ அந்த விளையாட்டில் உலகையே ஆட்டிவைத்தார். நிஜத்தில் டெர்பியின் முதல் அணிக்காக அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. எங்கோ ஒருவர் போட்ட மார்க், பாவம், அந்தப் பையனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இதைவிட அதிசயம், 2001-02 பதிப்பில் கோல்களாகப் போட்டுத் தள்ளிய போர்ச்சுகல்காரர் டோ மடெய்ரா. அப்படி ஒரு ஆட்டக்காரரே கிடையாது! தகவல் சேகரித்தவரின் குறும்பு. பிற்பாடு நீக்கினார்கள்.

இதே பட்டியலை நம்பி 2008-ல் எவர்ட்டன் கிளப், நிஜமாகவே ஆள் தேடுவதற்காக ஒப்பந்தம் போட்டது என்றால் நம்புவீர்களா? போட்டது!

கால்பந்து கிளப்புகளோடு நின்றால் பரவாயில்லை. 2004 டிசம்பரில் சீன அரசே கொதித்து எழுந்தது. தைவான், ஹாங்காங், மக்காவ், திபெத் எல்லாம் விளையாட்டில் தனி நாடுகளாக இருக்கின்றனவாம். நாட்டின் இறையாண்மைக்கே கேடு என்று கலாசார அமைச்சகம் தடை போட்டது. இத்தனைக்கும் விளையாட்டு அங்கே முறைப்படி வெளியாகவே இல்லை! ஹாங்காங்கும் மக்காவும் ஃபிஃபாவில் தனித்தனி உறுப்பினர்கள். தைவானும் அப்படியே, 'சீன தைபே' என்ற பெயரில். திபெத்துக்கு அங்கே இடம் இல்லை. ஆனால் இங்கே யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் அதை எழுதிவைத்திருந்தார். லட்சக்கணக்கான போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் அரசு, அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துப் பதறியது.

கடைசியாக மான்செஸ்டர் யுனைடெட். எங்கள் பெயரைப் போடுகிறாய், ஆனால் எங்கள் சின்னத்தைப் போடாமல் வேறு ஏதோ படம் போடுகிறாய் என்று 2020-ல் லண்டன் கோர்ட்டில் சண்டை. ரசிகர்கள் தாங்களே தயாரித்துச் சேர்க்கும் சின்னங்கள் பற்றியும் அதில் புகார்! 2021-ல் சமரசம். அதையடுத்து விளையாட்டில் அந்த கிளப்பின் பெயர் 'மேன் யுஎஃப்சி' என்று மாறியது. ரசிகர்கள் வழக்கம்போல எடிட்டரைத் திறந்து பழைய பெயரை டைப் அடித்துக்கொண்டார்கள்.

மடெய்ரா புகுந்து விளையாடிய அந்த 2001-02 பதிப்பை, 2008-ல் ஐடோஸ் இலவசமாகவே கொடுத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் அதை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. சீசன் தவறாமல் ஓய்வுபெற்றவர்களை அழித்துவிட்டு, புதிதாக வந்த பொடியன்களின் பெயர்களை அந்தப் பழைய கட்டங்களில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், காலணா கூலி வாங்காமல்.