யாருடைய மனம் தயாராக இல்லை?

1904ஆம் ஆண்டு புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி என்ற பதினேழு வயதுப் பெண் விண்ணப்பித்தபோது எழுந்த எதிர்ப்பு, அவருடைய அறிவைப் பற்றியதல்ல. வகுப்பில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்பதுதான் பெற்றோர்கள் எழுப்பிய கூச்சல். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் கூச்சலை மீறி அனுமதி கொடுத்தார். 1912இல் அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளியே வந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையில் இது முதல் பக்கம் மட்டுமே. ஆனாலும் இந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன். ஆண்களின் மனத்தைக் காரணம் காட்டிப் பெண்ணுக்குக் கதவடைக்கும் வழக்கம் இங்கே தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

நான் தமிழ் கற்பிக்கும் இதே மாவட்டத்தில், அணிவகுப்பு நாளில் காக்கிச் சீருடையோடு வகுப்புக்கு வரும் மாணவிகள் உண்டு. அவர்களில் சிலர் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்கிறார்கள். சீருடை இவர்களுக்குக் கிடைத்த கதை வேறு. அதிகாரிப் பதவிக்கான வழி திறந்த கதை வேறு. இரண்டுக்கும் நடுவே 43 ஆண்டுகள் கிடக்கின்றன.

தேசிய மாணவர் படைச் சட்டம் 1948இல் வந்தது. அடுத்த ஆண்டே, 1949இல், மகளிர் பிரிவு தொடங்கப்பட்டது. கல்லூரிப் பெண்கள் அணிவகுத்தார்கள், முகாமுக்குப் போனார்கள், துப்பாக்கி சுடக் கற்றார்கள். ஆனால் 1950இல் இயற்றப்பட்ட ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழியப் பெண்கள் வழக்கமான ராணுவத்தில் சேரத் தகுதியற்றவர்கள் என்றது. மருத்துவமும் செவிலியமும் மட்டும் விதிவிலக்கு. அருகருகே ஒரே பயிற்சியைப் பெற்ற மாணவனுக்கு அது அதிகாரியாவதற்கான படி. மாணவிக்கோ குடியரசு நாள் அணிவகுப்போடு முடிந்துபோகும் பாதை.

பெண்களால் முடியுமா என்று பார்த்துவிட்டு எழுதிய சட்டமா இது? அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே விடை கிடைத்திருந்தது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. முத்துலட்சுமி படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றவர். அவருடைய படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதின்ம வயதிலேயே அந்தப் படையில் அதிகாரியானார். புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், தன் ஒரே மகனின் கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். நம் இலக்கியம் அதை மூதின்முல்லை என்று துறை வகுத்துப் போற்றியது. அனுப்புகிறவளாகவே இருந்த பெண், மலேயாவில் தானே புறப்பட்டாள். விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் அவளை மறுபடியும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

1992 ஜனவரி 30 அன்று மத்திய அரசு முதல் அறிவிக்கையை வெளியிட்டது. சட்டத்துறை, கல்வி, வழங்கல் போன்ற சில பிரிவுகளில் மட்டும் பெண்கள் அதிகாரிகளாகச் சேரலாம், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு. பெண்களையும் எடுங்கள் என்று தலைமைத் தளபதிக்கே கடிதம் எழுதிய சட்டப் பட்டதாரி பிரியா ஜிங்கன் உட்பட 25 பேர், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு வந்தார்கள். 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியேறினார்கள்.

அந்த அறிவிக்கை வந்து ஆறு வாரத்துக்குள், 1992 மார்ச் 8 அன்று, புதுக்கோட்டையில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் கற்றார்கள். ஆண்கள் கேலி பேசினார்கள், கொச்சையாகவும் பேசினார்கள். பெண்கள் இறங்கவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்றார்கள். சில ஆண்டுகளில் கேலி தானாக அடங்கிவிட்டது. பார்த்துப் பார்த்து ஆண்களுக்குப் பழகிவிட்டது.

இந்த ஊர்வலத்தை இங்கே கொண்டுவரக் காரணம் இருக்கிறது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது பற்றிய பபிதா புனியா வழக்கில் அரசுத் தரப்பு ஒரு வாதம் வைத்தது. படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்திலிருந்து வருகிறவர்கள், பெண்ணின் கட்டளைக்குக் கீழே இயங்க அவர்கள் மனம் இன்னும் தயாராகவில்லை என்றது. 1904இல் கல்லூரிப் பையன்கள், இப்போது கிராமத்துச் சிப்பாய்கள். ஆள்தான் மாறியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. கிராமத்து ஆணின் மனம் எப்படித் தயாராகும் என்று புதுக்கோட்டையைக் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும். பெண் முன்னால் போனால், மனம் பின்னால் வந்து சேரும்.

இன்றைய வழி இப்படி இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் தேசிய மாணவர் படையின் மூத்த மகளிர் பிரிவில் இடம்பிடிக்க வேண்டும். ‘பி’ சான்றிதழுக்குப் பிறகு ‘சி’ சான்றிதழை நல்ல தரத்தில் பெற வேண்டும். பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ஐந்து நாள் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதையும் மருத்துவப் பரிசோதனையையும் தாண்டி, தகுதிப் பட்டியலில் இடம் கிடைத்தால் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி.

காகிதத்தில் நேராகத் தெரியும் இந்தப் பாதையை ஒரு கிராமத்து மாணவியின் காலோடு நடந்து பார்க்க வேண்டும். விடிகாலை அணிவகுப்புக்கு முதல் பேருந்து வர வேண்டும். தமிழ்வழியில் படித்தவள் ஆங்கிலத்தில் குழுவை நடத்திக் காட்ட வேண்டும். வயது 19 முதல் 25க்குள், திருமணமாகாதவராக இருக்க வேண்டும். இந்த விதி ஆணுக்கும் உண்டு. ஆனால் அந்த வயதில் ஆணிடம் யாரும் ஜாதகம் கேட்பதில்லை.

ஆயுதம் ஏந்துவதா விடுதலை என்று தோழிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போரை நானும் கொண்டாடவில்லை. கேப்டன் லட்சுமியே போருக்குப் பின் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். ஆனால் போகமாட்டேன் என்று ஒருத்தி சொல்வதற்கும், போகக்கூடாது என்று அவளிடம் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. முதலாவது அவளுடைய அரசியல். இரண்டாவது அவள்மேல் நடத்தப்படும் அரசியல்.

ராணுவச் சட்டத்துறைப் பணியில் ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று என்று பிரித்ததை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மாணவர் படை வழியான சிறப்புச் சேர்க்கையோ, 2023 ஏப்ரல் பயிற்சிக்கு ஆண்களுக்கு 50 இடங்களையும் பெண்களுக்கு 5 இடங்களையும் ஒதுக்கியிருந்தது. நாடெங்கும் உள்ள கல்லூரி மாணவிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஐந்து. அந்த எண், எந்தப் பெண்ணின் திறமையையும் அளந்து போடப்பட்டதல்ல. யாருடைய மனத்தை அளந்து போட்டார்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில்தான் 1904க்குப் பிறகும் நிற்கிறோம்.